சொத்தைக் கடைவாய்ப் பல்: அடைப்பதா, ரூட் கேனாலா, பிடுங்குவதா?

வெளியே கறுப்பு ஊசிமுனை அளவுதான் தெரியும். எனாமலுக்குக் கீழே பாதிப் பல் குடைந்துபோயிருக்கும். அதனால் ஓட்டையின் அளவை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: உள்ளே நரம்பு எந்த நிலையில் இருக்கிறது, ஈறுக்கு மேல் எவ்வளவு நல்ல பல் மிச்சம்.

நரம்பின் நிலையை வலியே ஓரளவு சொல்லிவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடியில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைக்கும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, சூடான காபிக்கு வலித்தாலோ, ராத்திரி படுத்ததும் தானாகவே விண்விண்ணென்று தெறித்தாலோ வெறும் அடைப்பு தாங்காது. ரூட் கேனால் தேவைப்படும், அதாவது உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து வேர்க்குழாயை அடைக்க வேண்டும். நாலு நாள் துடித்த வலி திடீரென்று நின்றுவிட்டால் பலரும் பல் டாக்டரை மறந்துவிடுகிறார்கள். நரம்பு செத்திருந்தாலும் வலி அப்படித்தான் நிற்கும். பிறகு வேர்நுனியில் சீழ் கட்டும், கடித்தால் நோகும், ஈறில் சின்னப் பரு வரும்.

வேர்நுனி வரை தெரியும் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் இதை உறுதிசெய்ய முடியாது. எடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மிச்சப் பல். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) பிடித்து நிற்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உறுதியான பல் வேண்டும். அது இல்லாமல் ரூட் கேனால் செய்தால் கேப் கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விடுவதுதான் பணத்தை வீணாக்கும் வழி: வலி போனதும் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருப்பார்கள், அது கசிந்து கிருமி திரும்ப உள்ளே போகும், ஒருநாள் முறுக்கு கடிக்கையில் பல் இரண்டாகும். வேர்வரை பிளந்த கடைவாய்ப் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். ஆகவே விலை கேட்கும்போது கேப்பையும் சேர்த்துக் கேளுங்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் கேப் இல்லாமலே சமாளிக்கலாம்.

பிடுங்கினால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பிரிட்ஜ் (இருபுறப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) கட்ட அந்த இருபுறப் பற்களையும் ராவ வேண்டும். அவை நல்ல பற்களாக இருந்தால் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் பல்) மேல். ஆனால் எலும்பு ஆற வழக்கமாக 3, 4 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஞானப்பல் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், பிடுங்கிவிட்டுப் போகலாம்.

ஆன்டிபயாட்டிக் மட்டும் சாப்பிட்டால் வீக்கம் வடியும், காரணம் உள்ளேயே இருக்கும். கிராம்பு எண்ணெயை அடிக்கடி வைத்தால் ஈறு வெந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எலும்புத் தேய்மான ஊசியோ எடுப்பவர்கள் பிடுங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்; மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ பல் கிளினிக்கின் நேரத்துக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.