ஏற்காட்டில் எடுக்கும் ரத்தம், சேலத்தில் அளக்கும் கொழுப்பு

முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தோல், மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றையே தாக்கும் நோய்), சொரியாசிஸ் போன்ற நோயெதிர்ப்புக் கோளாறுகளுக்கு ரத்தக் கொழுப்பில் அடையாளம் தேடுகிறவர்களை முதலில் குழப்புவது முடக்குவாதம்தான். வீக்கம் (அழற்சி) உச்சத்தில் இருக்கும்போது மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) மூன்றும் இறங்கும். மாரடைப்பு அபாயமோ ஏறும். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டு வீக்கம் வடிந்ததும் எண்கள் மேலே போகும். நோயாளி பயந்துபோவார். ஆனால் அந்த ஏற்றத்தை வைத்து மட்டும் நிலைமை மோசம் என்று சொல்லிவிட முடியாது.

அதனால் கொழுப்பு எண்ணைத் தனியாகக் குறிக்காதீர்கள். அன்றைய சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்), வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் உண்டா என எல்லாம் ஒரே வரிசையில் வரட்டும். இந்த நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், அது எல்டிஎல்லை இறக்கும். இதய அபாயம் கணக்கிடத்தான் அளக்கிறீர்கள் என்றால் நோய் அடங்கிய நேரத்தில் அளப்பதே சரி.

ஏற்காட்டில் ரத்தம் எடுக்கும் முகாமுக்கு வருபவர்கள் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். காபித் தோட்டத்து ஊரில் காலைக் காபி கூடாது என்பது அநியாயம்தான். ஆனால் பாலும் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளரே பட்டினியைக் கெடுத்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் தட்டுவடை செட்டும் வேண்டாம். மேடேறி நடந்து வந்தவரை 15 நிமிடம் உட்கார வைத்த பிறகே ஊசி. கையில் கட்டும் ரப்பர் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் ரத்தம் அங்கே செறிந்து, கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும்.

அதிகம் ஏமாற்றுவது குழாய். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் ஸ்ஃபிங்கோசின்-1-பாஸ்பேட், திராம்பாக்சேன் போன்றவற்றைக் கொட்டும். நாம் தேடும் அழற்சிக் கொழுப்புகளே இவைதாம். நோயாளிக்குச் சீரமும் (உறைந்த ரத்தத்தின் தெளிநீர்), ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமான ஆளுக்குப் பிளாஸ்மாவும் (உறையாத ரத்தத்தின் தெளிநீர்) எடுத்தால், நீங்கள் கண்டுபிடிப்பது குழாய் வித்தியாசத்தை. எல்லாருக்கும் ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய் போதும். எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்காதீர்கள்.

முழு ரத்தத்தை அப்படியே மலையிறக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி, சேலத்து வெயிலில் வந்து நிற்பதற்குள் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்துவிடலாம். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை மேலே கொண்டுபோய், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரியில், 2000 ஜி விசையில், 15 நிமிடம் சுற்றுங்கள். அடியில் அரை சென்டிமீட்டர் விட்டு மேல் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, மிஞ்சிய தட்டணு போக இன்னொரு முறை சுற்றுங்கள். பிறகு 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து உடனே உலர் பனிக்கட்டியில் வையுங்கள். வண்டியின் கண்ணாடி திறந்திருக்கட்டும். பனிக்கட்டியிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. கீழே வந்ததும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். மைனஸ் 20 பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தால் பன்மநிறைவுறாக் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடையும். உருக்கி மறுபடி உறைய வைத்த குழாயையும் ஒதுக்கிவிடுங்கள்.

சாதாரண லேபில் எல்டிஎல்லை நேரடியாக அளக்காமல் மற்ற கொழுப்பு எண்களிலிருந்து ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தில் கணக்கிட்டிருந்தால், டிரைகிளிசரைடு 400 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டும்போது அந்த எண் செல்லாது. ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் டிரைகிளிசரைடு ஏறக்கூடும் என்பதால் நேரடி அளவீடு கேளுங்கள்.

ஒவ்வொரு கொழுப்பையும் தனித்தனியாக அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நோயாளி குழாய்களைத் திங்களும் ஒப்பீட்டுக் குழாய்களை வியாழனும் ஓட்டினால், கிழமை வித்தியாசம் நோயாகத் தெரியும். சீட்டுக் குலுக்கிய மாதிரி கலந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒருமுறை எல்லா மாதிரியிலும் சிறிது எடுத்துச் சேர்த்த கலவையை ஓட்டி, அதிலேயே நிலையாக நிற்காத கொழுப்பைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

முகாமுக்கு முன்பே ஐந்து ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எடுத்து, உடனே, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி கழித்து என்று தனித்தனியாகச் சுற்றி அளந்து பாருங்கள். நேரத்தோடு நகரும் கொழுப்புகளின் பெயரை எழுதி சென்ட்ரிஃபியூஜ் மேலேயே ஒட்டிவிடுங்கள். அவற்றில் ஒன்று நோயாளிகளிடம் கூடித் தெரிந்தால், முதலில் குழாய் எடுத்த நேரத்தைப் பாருங்கள்.