ஸ்வால்பார்டு வழிகாட்டிகளுக்கான புத்தாக்கப் பயிற்சி: பனிக்கரடிப் பாதுகாப்பும் துப்பாக்கிக் கையாளலும், படிப்படியாக

நோர்வேயின் வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் முக்கிய ஊர் லாங்இயர்பியன். அதன் எல்லையில் சிவப்பு விளிம்பிட்ட முக்கோணப் பலகை ஒன்று நிற்கிறது. அதில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கரடியின் உருவமும், கீழே நோர்வே மொழியில் "ஸ்வால்பார்டு முழுமைக்கும் பொருந்தும்" என்ற வரியும் இருக்கும். அந்தப் பலகையைத் தாண்டிச் செல்வோர் கரடியை விரட்டுவதற்கு ஏற்ற சாதனத்தை உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துச் செல்லுங்கள் என்பது ஆளுநர் அலுவலகத்தின் பரிந்துரை. முதல் பருவத்தை முடித்துவிட்டு இரண்டாம் முறை பயணிகளை அழைத்துச் செல்லவிருக்கும் வழிகாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத் தொடக்கத்தில் நடக்கும் புத்தாக்கப் பயிற்சியில் உதவியாளராக நிற்பவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: ஓராண்டில் அறிவு அவ்வளவாக மறப்பதில்லை, கைகள்தான் மறந்துவிடுகின்றன. இதைப் படிப்பது பயிற்றுநர் முன்னிலையில் பழகுவதற்கு ஈடாகாது. பயிற்சிக்குப் போகும் முன் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள மட்டுமே இது உதவும்.

முதல் படி: துப்பாக்கியைத் தொடும் முன் விதிகள்

ஸ்வால்பார்டில் பனிக்கரடி 1973 முதல் முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைத் தேடிச் செல்வதும், துரத்துவதும், உணவு காட்டி ஈர்ப்பதும் குற்றம். 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச இடைவெளியும் சட்டமாகிவிட்டது: மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர். தற்செயலாக அதைவிட நெருங்கிவிட்டால் பின்வாங்குவது உங்கள் கடமை. பழைய வழிகாட்டிகளில் சிலருக்கு இந்த விதியில் மனக்குறை உண்டு. படம் எடுக்க வரும் பயணிகள் ஏமாந்துபோகிறார்கள் என்பது அவர்களின் வாதம். நான் விதியின் பக்கம்தான் நிற்கிறேன், ஏனென்றால் கரடியை முதலில் தொலைவில் பார்த்துவிட்டு வேறு வழியில் திரும்பிய குழுவுக்குத் துப்பாக்கியே தேவைப்பட்டதில்லை. ஆகவே பயிற்சியின் முதல் கருவி தொலைநோக்கிதான். படகிலிருந்து இறங்கும் முன்பும், மேட்டின் மறுபக்கம் தெரியும் முன்பும், ஓய்வுக்கு அமரும் முன்பும் நின்று சுற்றிலும் பார்க்கும் பழக்கத்தை அங்கே மீண்டும் கையில் பிடித்துத் தருகிறார்கள்.

இரண்டாம் படி: துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்தல்

இங்கே வாடகைக்குக் கிடைக்கும் ரைபிள்களில் பல, பழைய மௌசர் 98 வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மானியர்கள் நோர்வேயில் விட்டுச்சென்ற துப்பாக்கிகளை நோர்வேக்காரர்கள் .30-06 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். .308 அல்லது .30-06 என்ற தோட்டா அளவுக்குக் குறைந்த துப்பாக்கி பனிக்கரடிக்குப் போதாது.

ரைபிளை வாங்கியதும் குழல் யாரையும் நோக்காத திசையில் திருப்பி, விரலை விசையிலிருந்து விலக்கி, போல்ட்டை (தோட்டா அறையைத் திறந்து மூடும், கைப்பிடியுள்ள உலோகத் தண்டு) முழுவதுமாகப் பின்னால் இழுங்கள். சுடப்படும் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்தது போதாது, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் துருவ இரவில் கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது. தோட்டாக்கள் அடுக்கப்படும் மகசினையும் அவ்வாறே தொட்டுப் பாருங்கள். உங்களிடம் கொடுத்தவர் "காலிதான்" என்று சொன்னாலும் இதைச் செய்ய வேண்டும்; அதில் அவருக்கு அவமதிப்பு எதுவும் இல்லை. ஊருக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு நடக்கக் கூடாது. அது காலி என்பது எதிரே வருபவருக்கும் தெரியும்படி போல்ட்டைத் திறந்தோ கழற்றியோ எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: பாதுகாப்புப் பூட்டின் மூன்று நிலைகள்

பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. மௌசர் 98-இல் போல்ட்டின் பின்முனையில் சிறிய சிறகு போன்ற பூட்டு ஒன்று உண்டு. அது இடப்பக்கம் சாய்ந்திருந்தால் துப்பாக்கி சுடும். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சுடாது, போல்ட்டும் நகராது. நேராக நிமிர்ந்திருந்தால் போல்ட் நகரும், ஆனால் துப்பாக்கி சுடாது. பதற்றத்தில் இருப்பவரை ஏமாற்றுவது இந்த நடுநிலைதான். விசையை அழுத்துகிறார், சுடவில்லை. தோட்டாவில் கோளாறு என்று எண்ணிப் போல்ட்டை இழுக்கிறார். நல்ல தோட்டா வெளியே விழுகிறது. மீண்டும் அழுத்துகிறார், மீண்டும் சுடவில்லை. ஒருமுறை பயிற்சியில், மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி வெடிமருந்து இல்லாத 5 பயிற்சித் தோட்டாக்களையும் இப்படியே வரிசையாகப் பனியில் கொட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு நின்றதை என் கண்முன் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அன்று அவர் கற்றது வாழ்நாள் முழுவதும் அவரோடு இருக்கும்.

2011 ஆகஸ்டில் போன் போஸ்ட் பனியாற்றின் அருகே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் மாணவர் குழுவைக் கரடி தாக்கியபோது, முகாமைச் சுற்றிக் கட்டிய எச்சரிக்கைக் கம்பியோடு இணைத்த வெடி வெடிக்கவில்லை, துப்பாக்கியும் முதலில் பலமுறை சுடவில்லை. 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமடைந்தனர். அந்த நிகழ்வை எண்ணாமல் என்னால் இந்தப் படியைக் கற்றுக்கொடுக்க முடிவதில்லை.

ஆகவே பயிற்சித் தோட்டாக்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் சிறகைத் தடவி, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மெல்லிய கையுறையோடு இருபது முறை, தடித்த கையுறையோடு இருபது முறை செய்யுங்கள். தடித்த கையுறையோடு விரல் விசைக்குள் நுழையவில்லை என்றால், எந்தக் கையுறையை எப்போது கழற்றுவது என்பதையும் இன்றே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: பாதி ஏற்றிய நிலை

ஊருக்கு வெளியே துப்பாக்கியை மகசினில் தோட்டாவும், அறை காலியாகவும் வைத்து எடுத்துச் செல்வதே இங்குள்ள வழக்கம். ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில் தூக்கிப்போடும் பாதையிலும், வழுக்கும் பாறையிலும் பயணிகள் உங்கள் முன்னும் பின்னும் இருக்கும்போது, அறையில் தோட்டா கிடப்பது கரடியைவிடப் பெரிய ஆபத்து. தோட்டாக்களை எப்போதும் மகசினுக்குள் அழுத்தி, அங்கிருந்தே போல்ட் அவற்றை எடுத்துச் செல்லும்படி செய்யுங்கள். தனித் தோட்டாவை நேராக அறைக்குள் போட்டுப் போல்ட்டை அடித்து மூடுவது மௌசர் வகைக்கு ஏற்றதன்று. போல்ட்டைத் தயங்கித் தயங்கி நகர்த்தினால் தோட்டா சிக்கும், ஆகவே கடைசிவரை இழுத்து, கடைசிவரை தள்ளிப் பழகுங்கள்.

குளிரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தடித்த எண்ணெய் குளிரில் கெட்டியாகி, சுடும் ஊசியை மெதுவாக்கிவிடும். அதனால் பருவத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்தெடுங்கள். வெளியே இருந்த ரைபிளை வெப்பமான குடிலுக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் வேர்க்கும். மறுபடி வெளியே போனதும் அந்த நீர் உறைந்து போல்ட்டைப் பூட்டிவிடும். குளிர்ந்த முன்னறையிலேயே, காலி செய்து, வைத்துவிடுவது நல்லது. குழல் முனையில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிட்டால் பனி உள்ளே புகாது.

ஐந்தாம் படி: சிக்னல் துப்பாக்கி

வெடித்து ஒலியெழுப்பும் தோட்டாவைச் சுட்டுக் கரடியை விரட்டும் இந்தக் கருவிதான் உங்கள் முதல் ஆயுதம். ரைபிள் கடைசி ஆயுதம். வெடியொலித் தோட்டா கரடிக்கும் உங்களுக்கும் இடையில் வெடிக்க வேண்டும். அது கரடியின் தலையைத் தாண்டிப் பின்னால் வெடித்தால், கரடி சத்தத்திலிருந்து விலகி உங்களை நோக்கியே ஓடி வரும். எனவே உங்கள் தோட்டா எவ்வளவு தூரத்தில் வெடிக்கிறது என்பதைச் சுடுதளத்திலேயே சுட்டுப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். சுட்ட பின் அடுத்த தோட்டாவை ஏற்றும் நேரத்தையும் அளந்து பாருங்கள், அந்த நேரம் யாருக்கும் முதலில் திருப்தி தருவதில்லை.

ஆறாம் படி: ஒத்திகை

வளர்ந்த பனிக்கரடி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அதாவது 100 மீட்டரை ஏறத்தாழ 9 நொடிகளில் கடந்துவிடும். பயிற்றுநர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு "கரடி!" என்று கூவுவார். நீங்கள் பயணிகளை உங்கள் பின்னால் ஒரே கூட்டமாகச் சேர்த்து, உதவி வழிகாட்டிக்குச் சிக்னல் துப்பாக்கியை ஒப்படைத்து, ரைபிளைத் தோளிலிருந்து இறக்கி, அறையில் தோட்டா ஏற்ற வேண்டும். யார் எதைப் பேசுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் கட்டளையிட்டால் குழு சிதறும்.

கரடியின் உடல்மொழியையும் அங்கே நினைவூட்டுவார்கள். மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்து, நின்று நின்று, காற்று வீசும் திசைக்குக் கீழே சுற்றி வருவது பெரும்பாலும் ஆர்வத்தால் வரும் கரடி. தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடக்கி, சீறிக்கொண்டு பற்களைத் தட்டுவது எரிச்சலடைந்த கரடி. எதுவாயினும் ஓடாதீர்கள், குழுவோடு மெல்லப் பின்வாங்குங்கள்.

ஏழாம் படி: சுடுதளம்

இலக்கு 30 மீட்டரில் இருக்கும், முழங்காலிட்டுச் சுட வேண்டும். தலையைக் குறிவைக்காதீர்கள், மண்டையோடு சாய்வாகவும் குறுகலாகவும் இருப்பதால் தோட்டா வழுக்கிவிடும். மார்பும் தோளும்தான் குறி. விலங்கு அசைவற்றுப் போகும்வரை நிறுத்தாமல் சுட வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் கன்னத்தை ரைபிளிலிருந்து எடுக்காமலேயே போல்ட்டை இழுத்துப் பழகுங்கள்.

எட்டாம் படி: சுட்ட பின்

உண்மையில் ஒரு கரடியைச் சுட நேர்ந்தால், பயணிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய், உடனே ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். உடலை நகர்த்தாதீர்கள், விழுந்த தோட்டா உறைகளைப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்வும் விசாரிக்கப்படும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எத்தனை முறை விரட்ட முயன்றீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள்.

பயிற்சி முடிந்ததும் அனைவரும் மேசையைச் சுற்றி நின்று போல்ட்டுகளைக் கழற்றிவைத்து, மீதமுள்ள உண்மைத் தோட்டாக்களை ஒரு பெட்டியிலும், பயிற்சித் தோட்டாக்களை இன்னொரு பெட்டியிலும் வாய்விட்டு எண்ணிப் போடுவார்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், அது யாருடைய சட்டைப்பையிலாவது அகப்படும்வரை ஒருவரும் தளத்தை விட்டுக் கிளம்புவதில்லை.