முதல் காரின் நினைவுகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் வாங்கியது, எனக்கு முன்பே ஒருவரிடம் ஆறு ஆண்டுகள் ஓடிய வெளிர்நீல நிறச் சிறிய கார். ஒன்பது ஆண்டுகள் என்னிடம் இருந்த அது, ஒரு நாள் காலையில் அரை மணி நேரத்துக்குள் கைமாறிப் போயிற்று. இன்று அதன் புகைப்படங்கள் மூன்று என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் கழுவித் துடைத்த கார் பின்னால் நிற்க, முன்னால் குடும்பத்தினர் வரிசையாக நிற்கிறோம். எனக்கு உண்மையில் வேண்டியிருப்பதோ அந்தப் படங்கள் எதிலும் இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால் கிடந்த ரப்பர் மேட்டில், வலது கால் படும் இடத்தில் மட்டும் வரிகள் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாகியிருந்தது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில் அப்பா அங்கே உட்கார்ந்து, முன்னால் ஏதேனும் வந்தபோதெல்லாம் அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு வருவார். நான் நன்றாக ஓட்டப் பழகிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. விற்கும்போது கார் பார்வையாக இருக்க வேண்டும் என்று புதிய மேட் வாங்கிப் போட்டு, பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டேன்.

முதல் காரைப் பற்றிப் பேசும் ஏறக்குறைய எல்லோரிடமும் இப்படி ஓர் இழப்பு இருக்கிறது. கார் போனதற்காக யாரும் அவ்வளவு வருந்துவதில்லை. அதன் தேய்மானமும் கீறலும் ஓசையும் தடயமின்றிப் போனதற்கே வருந்துகிறார்கள். முதல் காரை இன்னும் வைத்திருப்பவர்களும் விரைவில் பிரியப் போகிறவர்களும் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

காரை முழுதாக மட்டும் படம் எடுப்பது

மிகப் பரவலான தவறு இதுதான். வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரிவது அந்த மாடல். அதே நிறத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் அப்படியே இருந்திருக்கும். உங்களுடைய கார் இருப்பது உள்ளே, நெருக்கத்தில். எண்கள் தேய்ந்துபோன கியர் குமிழ், ஸ்டீயரிங்கில் கை எப்போதும் படிந்து பளபளக்கும் இடம், மூட மறுத்த டாஷ்போர்டு அறைக்கு மடித்துச் செருகிய காகிதம், பின்னிருக்கையில் குழந்தை ஒட்டிவைத்துப் பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஆகியவற்றைத் தனித்தனியே, அருகில் சென்று எடுக்க வேண்டும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் லிண்டா ஹென்கெல், அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தவர்களின் நினைவைச் சோதித்தார். பொருளை முழுதாகப் படமெடுத்தவர்கள், படமெடுக்காமல் வெறுமனே பார்த்தவற்றைவிட அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை நேரவில்லை; படத்துக்குள் வராத பகுதிகளும்கூட அவர்களுக்கு நினைவில் நின்றன. கருவியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மனம் விலகுவதும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து உற்றுநோக்குவதும் வேறு வேறு செயல்கள் என்பதை இந்த முடிவு நன்றாக விளக்குகிறது.

இந்தப் படங்களைக் காரைக் கழுவுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு எடுப்பதென்றால், நான் மேட்டை எறிந்த பிறகு படம் எடுத்ததற்கு ஒப்பாகும். ஓடோமீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

ஓசையை விட்டுவிடுவது இன்னும் பெரிய தவறு என்பது என் எண்ணம். என் காரின் இண்டிகேட்டர் முதல் ஐந்தாறு முறை வேகமாகத் துடித்துப் பிறகு நிதானத்துக்கு வரும். அதன் தாளத்தை இப்போது மேசையில் விரலால் தட்டிக் காட்ட முடிகிறதே தவிர, அந்த ஓசையை என்னால் மீண்டும் கேட்க முடியாது. கதவு சாத்தும் சத்தம், குளிர்ந்த நிலையில் எஞ்சின் எழும் விதம், வைப்பரின் முனகல், கண்ணாடி இறங்கும்போது வரும் உரசல் ஆகியவற்றைக் கைபேசியில் பதிவு செய்யப் பத்து நிமிடம் போதும். மணத்தைத்தான் பதிவு செய்ய வழியில்லை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மேலே செல்கின்றன. மணமோ உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மிகக் குறுகிய பாதையில் போய்ச் சேர்கிறது. பழைய இருக்கையின் மணம் எங்கேனும் வந்து மோதியவுடன் நெஞ்சு அடைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். இருக்கை உறையை மாற்ற நேர்ந்தால், பழைய உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போட்டு வைப்பது வீண்வேலை ஆகாது.

நினைவு அப்படியே இருக்கும் என்று நம்புவது

ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் அந்த நினைவு சற்றே நெகிழ்ந்து, மீண்டும் உறைகிறது. அந்த இடைவெளியில் பிறர் சொன்னதும் பிற்பாடு அறிந்ததும் உள்ளே கலந்துவிடுகின்றன. ஆதலால் அடிக்கடி சொல்லப்படும் கதையே அதிகம் மாறியிருக்கக்கூடும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்வுகளே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலில் உறுதிப்பட்ட செய்தி. பலருக்கு முதல் கார் அந்த வயதில்தான் வாய்க்கிறது. அது தெளிவாக நினைவில் நிற்கிறது என்பதனால் சரியாகவும் நிற்கிறது என்று கொள்ளக் கூடாது.

இதற்கு மருந்து காருக்குள்ளேயே இருக்கிறது. டாஷ்போர்டு அறையில் கிடக்கும் சர்வீஸ் புத்தகமும் பட்டறை ரசீதுகளும் தேதியும் கிலோமீட்டரும் இட்ட நாட்குறிப்பு போன்றவை. எந்த மாதத்தில் கிளட்ச் மாற்றப்பட்டது என்று பார்த்தால், அதற்கு முந்தைய நெடும்பயணம் எப்போது என்பது தெரிந்துவிடும். பழைய காரை விற்கும்போது சர்வீஸ் புத்தகம் வாங்குபவருக்கே உரியது. பக்கம் பக்கமாகப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ரசீதுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான தாளில் இருப்பவை வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும். சில வகைப் பிளாஸ்டிக் உறைகளுக்குள் வைத்தாலும் எழுத்து மறையும். பத்திரமாக உறையில் போட்டு வைத்தேன் என்று நிம்மதியாக இருந்தவர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்த்தால் வெற்றுத் தாளே மிஞ்சியிருக்கும். கிடைத்தவுடன் படமெடுத்துவிடுவதே சரி.

அன்பினால் காரை நிறுத்தியே வைத்திருப்பது

விற்க மனமில்லாமல் காரை ஒரு மூலையில் நிறுத்தி, உறை போட்டு மூடிவிடுவோர் பலர். காரை இப்படிக் காப்பாற்ற முடியாது; நின்றுகொண்டிருக்கும் கார், ஓடும் காரைவிட வேகமாகக் கெடும் இடங்கள் பல உள்ளன. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே நீண்ட நாட்கள் கிடந்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, மறுபடி சார்ஜ் ஏறும் திறன் குன்றிவிடும். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களில் போய்விட, மிச்சம் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் எண்ணெயும் அப்படியே ஈரம் ஏற்பது. ஆகவேதான் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்கிறார்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்தப் பக்கம் தட்டையாகும். பார்ப்பதற்கு வரிகள் ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண் அந்த வயதைச் சொல்லும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

இங்கே நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறு உண்டு. வாரம் ஒரு முறை சாவியைத் திருப்பி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதைக் கடமையாகவே சிலர் செய்கிறார்கள். எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி புகைக்குழாயில் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதை விரட்டும் அளவுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் சூடு ஏறாது. எஞ்சின் எண்ணெயிலும் ஈரம் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி செலவிட்டது முழுதாகத் திரும்பியும் வராது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் வெளியே எடுத்து, அரை மணி நேரம் உண்மையிலேயே ஓட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். அதற்கு வழியில்லையென்றால் எஞ்சினைத் தொடாமல் விட்டு, பேட்டரிக்கு அதைப் பராமரிக்கும் வகைச் சார்ஜரை இணைத்து, டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வைப்பது நல்லது. ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே மாதக்கணக்கில் நின்றால் பிரேக் துருவில் ஒட்டிக்கொள்ளும். உறை காற்றோட்டமான துணியாக இருக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை மழையைத் தடுப்பதாகத் தோன்றினாலும், அடியிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, துருவை வளர்க்கும். எலிகளுக்கும் ஓடாத கார் மிகவும் பிடிக்கும். வயர் கடிபட்டிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

புதியதாக்கிவிடுவது

காரைச் சீரமைக்கத் தொடங்கியவர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது இயல்பு. துருவை வெட்டி எடுத்து அடைப்பதும், பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் குழாய்கள் முதலியவற்றைப் புதுப்பிப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. அங்கே பழமைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆனால், ஆபத்தில்லாத தேய்மானங்களை எல்லாம் ஒரே மூச்சில் அகற்றி, முழுக்கப் பெயிண்ட் அடித்து, உள்ளே புதிய உறையும் புதிய ஸ்டீயரிங்கும் பொருத்திய பின்னர் கிடைப்பது அழகான ஒரு பழைய மாடல் கார். அதில் நீங்கள் வாழ்ந்த சுவடு இருக்காது. பட்டறையில் விடுவதற்கு முன் எவற்றைத் தொடக்கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கழற்றிய பாகங்களையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, எது எங்கிருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். கேட்காவிட்டால் அவை பழைய இரும்போடு போய்விடும்.

பாசத்தால் பிள்ளைக்குக் கொடுப்பது

இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தாம் ஓட்டிப் பழகிய பழைய காரிலேயே தம் மகளோ மகனோ ஓட்டிப் பழக வேண்டும் என்னும் ஆசை மிகவும் இயல்பானது. ஆனால், விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள புதிய ஓட்டுநரைப் பாதுகாப்பு குறைந்த காரில் உட்கார வைப்பதாக அது முடியும். வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்துக் காரை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு முதன்முதலில் விற்பனைக் கார்களில் வந்ததே 1995-இல்தான். சிறிய கார்களுக்கு அது பரவலாக வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. பக்கவாட்டு ஏர்பேக்கும் அப்படியே. பழைய காரில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள்.

விற்கும் நாளின் அவசரம்

பேரம் முடிந்தவுடன் ஆள் வந்து நிற்பார். நாம் சாவியைக் கொடுத்துவிடுவோம். அதற்கு முந்தைய நாளே சில வேலைகளை முடித்தாக வேண்டும். காரில் தொடுதிரை இருந்தால் இணைத்த கைபேசிகள், தொடர்பு எண்கள், வழிகாட்டியில் சேமித்த வீட்டு முகவரி அனைத்தையும் அழித்து, காரோடு இணைந்த செயலியிலிருந்தும் விலகுங்கள். இருக்கைகளின் அடியிலும் ஸ்டெப்னியின் கீழும் கையை விட்டுத் தேடுங்கள். தொலைந்ததாக நினைத்த பல பொருள்கள் அங்கே கிடைக்கும். விற்ற பிறகு, பதிவில் பெயர் மாறிய சான்றின் படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறாத காருக்கு வரும் அபராதம் உங்கள் வாசலுக்கே வரும்.

நினைவுக்காக மாற்றுச் சாவியை வைத்துக்கொள்ளும் வழக்கம் சரியன்று. அது வாங்கியவரின் உடைமை. சாவிக்கொத்தின் வளையத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எண் பலகையைவிடப் பயனுள்ளது காரின் உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண். அமெரிக்காவில் 1981 முதல் 17 குறியீடுகளாக ஒழுங்குபட்ட அது, கார் எத்தனை கை மாறினாலும் மாறாது. எழுதி வைத்தால் பிற்காலத்தில் அதே கார் எங்கேனும் விற்பனைக்கு வந்தபோது அடையாளம் காண உதவும். பூஜ்யத்தையும் ஒன்றையும் போலத் தோன்றும் ஆங்கில எழுத்துகளான ஓ, ஐ, க்யூ மூன்றும் அதில் வராது. எழுதும்போது அவற்றைப் போல ஏதேனும் தோன்றிக் குழப்பம் நேர்ந்தால் அது எண் என்றே கொள்ளுங்கள்.

உடன் வந்தவர்களைக் கேட்காமல் விடுவது

ஓட்டியவருக்குச் சாலைதான் நினைவிருக்கும். பின்னிருக்கையில் இருந்தவர்கள் கண்டது வேறு. எங்கள் காரின் கூரைத்துணியில் ஒரு குதிரையின் உருவில் கறை இருந்ததாக என் தங்கை சொல்கிறாள்; ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய நான் அதைப் பார்த்ததே இல்லை. காரில் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, மற்றவர் சொன்னதைக் கேட்பதற்கு முன் அவரவர் நினைவைப் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் கதை எல்லோர் கதையும் ஆகிவிடும். பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். “அந்தக் கார் நினைவிருக்கிறதா” என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் மனம் சட்டென்று திறக்கும்.

போன ஆண்டு அப்பாவிடம் நான் கேட்டது அந்த மேட்டைப் பற்றித்தான். பதிவு பதினொரு நிமிடம் ஓடுகிறது. வாங்கிய அன்று நான் கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்தேன் என்று சொல்கிறார். அது எனக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் காலை அழுத்திக்கொண்டே வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சிறிது நேரம் பேச்சில்லை. “உனக்கு ஓட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியும், கால்தான் கேட்கவில்லை” என்கிறார். அதைச் சொல்வதற்குச் சற்று முன்னால், அவருடைய செருப்பு தரையில் ஒரு முறை அழுந்தித் தேயும் ஓசை பதிவில் தெளிவாகக் கேட்கிறது.