தாடி ஓணான் முட்டையில் குழி விழுகிறதா?

பெங்களூரு மார்கழியில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கிவிடும்; பியர்டட் டிராகன் எனும் இந்தத் தாடி ஓணானின் முட்டைக்கோ 28–29 டிகிரி வேண்டும். எங்கள் அல்சூர் வீட்டு இன்குபேட்டருக்குள் (முட்டையைச் சூட்டில் வைக்கும் பெட்டி) எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில் கிடக்கும். கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது.

ஆரம்ப வாரங்களிலேயே முட்டை குழிந்தால் பெரும்பாலும் அடியில் பரப்பிய வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) காய்ந்திருக்கும். ஓரமாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், முட்டை மேல் படாமல். அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மூடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் துடைத்துவிடுங்கள்.

பூஞ்சை பிடித்ததை உடனே தூக்கிப் போடாதீர்கள். இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்; சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஆனால் புரட்டிவிடாதீர்கள், கோழி முட்டைப் பழக்கம் இங்கே ஆகாது! அடையாளத்துக்கு மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி போதும்.

60 நாள் தாண்டிக் குழிந்தால்? சரி, குஞ்சு வரும் நேரம்.