குழந்தைகளை வைத்துப் படம் எடுக்கப் போகிறீர்களா? கேமராவை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

திருப்பூரில் பின்னலாடை கேட்லாக் எடுக்கும் சிறிய ஸ்டூடியோ என்னுடையது. குழந்தைகள் உடைக்கு ஆர்டர் வரும் மாதங்களில் வாரம் நாலைந்து பிள்ளைகள் வந்துபோவார்கள். புதிதாக ஸ்டூடியோ தொடங்குகிறவர்கள் லைட்டைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளை எங்கே உடை மாற்றும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதல் படி: காகிதங்கள்

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அதே திருத்தம் விளம்பரம், சினிமா, தொலைக்காட்சியில் நடிக்கும் பிள்ளைகளுக்கு வழிவிட்டது, அதுவும் நிபந்தனையோடு. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். கேட்லாக்கும் விளம்பரம்தானே என்று நான் இதையே பின்பற்றுகிறேன்.

இரண்டாம் படி: உடை மாற்றும் இடம்

என் பழைய கட்டடத்தில் நூல் கோன் பெட்டிகளை அடுக்கி, அதன் பின்னால் ஒரு பழைய போர்வையைக் கட்டியிருந்தேன். இஸ்திரி போடுகிறவர், ஸ்டைலிஸ்ட், பட்டன் தைக்கும் அக்கா என்று எல்லோரும் அந்த வழியாகத்தான் போய்வருவார்கள். இப்போது தனி அறை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, திரைதான். உள்ளே பிள்ளையோடு வந்த தாயோ பாட்டியோ மட்டும். வாசலில் எங்கள் பெண் ஊழியர் ஒருவர். காலரைச் சரி செய்ய வேண்டுமா? பிள்ளை உடை மாற்றி வெளியே வந்த பிறகு, கேட்டுவிட்டுத் தொடலாம். "கண்ணு, காலரைத் தூக்கிவிடட்டுமா?" என்று கேட்க இரண்டு நொடிதான் ஆகிறது. வீட்டார் அல்லாத பெரியவர் ஒருவரும் பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான்.

பனியன், ஜட்டி ரகங்களைப் பிள்ளைகளுக்கு அணிவித்துப் படம் எடுப்பதில்லை. பொம்மைக்கு மாட்டியோ மேசையில் விரித்தோ எடுக்கிறேன்.

மூன்றாம் படி: போன்

என்னிடம் பல வருடம் வேலை பார்த்த ஓர் உதவியாளர், பாதி உடையில் சிரித்துக்கொண்டிருந்த நாலு வயதுச் சிறுவனைத் தன் போனில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் படத்தை யார் யார் சேமித்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மறுநாள் முதல் படப்பிடிப்புத் தளத்துக்குள் யார் போனும் வருவதில்லை. வாசல் பெட்டியில் கிடக்கும். தேர்வாகாத படங்களை அன்றே அழிக்கிறோம். பள்ளியின் பெயர் தெரியும் பையோ சீருடையோ சட்டகத்துக்குள் வராது.

நான்காம் படி: பெரியவர்களிலும் கவனம் தேவைப்படுகிறவர்கள்

பின்னணித் துணிக்கு வண்ணம் தீட்ட ஓர் இளைஞர் வருகிறார். அறிவுசார் குறைபாடு உள்ளவர், கை மிக நேர்த்தி. எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார். அதனால் "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறாயா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். "இப்போது வீட்டுக்கா, டீக்கா?" என்றால் அவர் விருப்பம் தெரிகிறது. கூலி அவர் கணக்கிலேயே போகும். "என்னிடம் கொடுங்கள்" என்று உறவினர் வந்து நின்றாலும் கிடையாது. இப்படிப்பட்டவரை யாராவது சுரண்டுவதாகத் தெரிந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எவரும் நிர்வாக நடுவரிடம் (தாசில்தார், கோட்டாட்சியர் போன்றவர்) தகவல் சொல்லலாம்.

ஐந்தாம் படி: பிள்ளை ஏதாவது சொன்னால்

யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால், முழுதாகக் கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல், நேரத்தோடு எழுதி வையுங்கள். பிறகு 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது காவல் நிலையம்.

நம் பக்கத்தில் இங்கேதான் சறுக்குகிறோம். "தெரிந்த குடும்பம், பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம்" என்பார்கள். நூல் பாக்கியைப் பேசி முடிக்கலாம், இதை முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் புகார் தந்தே ஆக வேண்டும் என்கிறது. தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் பெயரையோ வீட்டையோ ஊடகத்தில் வெளியிடுவதும் குற்றம்.

1098 என்ற எண்ணை மேக்கப் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்தேன். "மாமா, அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி எக்கி நின்று கேட்டபோதுதான் உறைத்தது. இப்போது அது நாற்காலி உயரத்தில் இருக்கிறது.