ஜாஸ் பியானோவில் ‘ஃபீல்’ தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

பெரம்பூரில் என்னிடம் கீபோர்டு படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சர்ச்சில் வாசிப்பவர்கள், மீதிப் பேர் மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்கள். எல்லாருக்கும் விரல் நன்றாக ஓடும். ஜாஸ் கேட்க ஆரம்பித்ததும் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: “மாஸ்டர், இந்த ஃபீல் எப்படி வருது?”

வியாசர்பாடிப் பையன் ஒருவன் ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸைக் கேட்டுவிட்டு வந்தான். கண்ணை மூடி, தலையைக் கட்டைகளுக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு வாசித்தான். எவன்ஸும் அப்படித்தான் குனிந்து உட்காருவார். ஆனால் பையன் வாசித்ததில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் கீபோர்டில் டச் ஆஃப்பில் கிடந்தது. பூ மாதிரி தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம். சர்ச்சில் சத்தம் ஒரே சீராக இருக்கட்டும் என்று யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள், மாதக்கணக்கில் அப்படியே வாசித்திருக்கிறான். டச்சை ஆன் செய்ததும் முதல் கார்டிலேயே, அதாவது சேர்த்து அழுத்துகிற முதல் சுரக் கூட்டிலேயே, பயந்து கையை எடுத்துவிட்டான். தன் கையின் பலம் அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொட்டுத் திரும்பியதும் சத்தம் தேய ஆரம்பித்துவிடும். வயலினிலும் குரலிலும் செய்கிற மாதிரி, பிறந்த சுரத்தை இதில் நடுவில் வளர்க்க முடியாது. எப்போது தொடுகிறோம், என்ன வேகத்தில் அழுத்துகிறோம், எப்போது விடுகிறோம் என்பவைதான் நம் கையில் இருக்கின்றன. ஃபீல் இவற்றுக்குள்தான் இருக்கிறது. வாசித்து முடித்த பாட்டின் மேல் அதைத் தூவ முடியாது.

அதனால்தான் பிட்ச் பெண்ட் வீலை, அதாவது சுரத்தை வளைக்கிற சக்கரத்தை, தொடாதே என்று சொல்கிறேன். மெல்லிசை மேடையில் கமகம் கொண்டுவர அது உதவும். பியானோவில் அந்த வீல் கிடையாது, ஜாஸ்காரர்கள் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். சி ப்ளூஸில் ஈ ஃப்ளாட்டை உரசிக்கொண்டே ஈ-க்குள் விரலைச் சறுக்கவிட்டால், இரண்டுக்கும் நடுவில், பியானோவிலேயே இல்லாத ஒரு சுரம் கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்கேலை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனையும் மறந்துவிடுங்கள். எல்லாப் பாட்டையும் சி-யில் வாசித்துவிட்டுப் பட்டனைத் தட்டுகிறவருக்கு, கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்கு வழுக்கி இறங்குகிற சுகம் பல ஸ்கேல்களில் தெரியாமலே போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு தாளத்தில்தான் நடக்கிறது. ஃபீல் என்றதும் முதலில் வேகத்தைத் தளர்த்துகிறார்கள். உருக்கமான இடம் வந்தால் இரண்டு கையும் சேர்ந்து தொய்ந்துவிடுகிறது. வடசென்னையில் வளர்ந்தவர்கள் இந்தத் தவறைச் செய்யும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் இதற்கான பாடம் நம் தெருவிலேயே இருக்கிறது. கானா கேட்டுப் பாருங்கள். டோலக் இம்மி பிசகாமல் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவர் சொல்லைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போடுவார், வரி முடிகிற இடத்தில் வந்து சேர்ந்துகொள்வார். சொல் சாய்ந்தாலும் தாளம் சாயாது.

எரோல் கார்னர் பியானோவில் செய்ததும் இதுதான். இடது கை கிட்டார் வருடுகிற மாதிரி நான்கு பீட்டையும் உறுதியாகப் போடும், வலது கை மெட்டு அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும். அவருக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது, எல்லாமே காது வழியாக வந்தது. அவர் மாதிரி வரவேண்டும் என்றால், வலது கையை இழுத்துப் பார்க்கும் முன் இடது கைத் தாளத்தை அசையாமல் நிறுத்தப் பழகவேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது பீட்டில் மட்டும் ஒலிக்கவிட்டு வாசியுங்கள். முதல் வாரம் தடுமாறும், பரவாயில்லை.

ஸ்விங் என்கிற ஜாஸ் தாள ஆட்டம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பீட்டை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கு முதல் சுரத்துக்கு, ஒரு பங்கு அடுத்ததற்கு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நிதானமான வேகத்தில் அது ஏறக்குறைய சரி. வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். எல்லா வேகத்திலும் அதே கணக்கில் வாசித்தால் குதிரை நொண்டுகிற மாதிரிதான் கேட்கும்.

அடுத்தது இடது கை. சர்ச்சில் தனியாக வாசித்துப் பழகியவர்கள் ஒவ்வொரு கார்டுக்கும் ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை, அடியில் ஓங்கி வைப்பார்கள். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இருந்தாலும் விடமாட்டார்கள். எவன்ஸ் ரூட்டைப் பேஸ்காரரிடம் விட்டுவிடுவார். டி மைனர் செவன் என்ற கார்டுக்கு எஃப், ஏ, சி, ஈ என்று பிடியுங்கள். அடுத்து ஜி செவன் வரும்போது சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள். எஃப், ஏ, பி, ஈ. மற்ற மூன்று விரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கார்டே மாறிவிட்டது, நகர்ந்ததோ ஒரே ஒரு விரல், அதுவும் பக்கத்துக் கட்டைக்கு. அந்த ஒரு சுரத்தை மற்றவற்றைவிடத் துளி தூக்கி வாசித்தால், கார்டுக்குள் இன்னொரு குரல் பாடுவது கேட்கும். எவன்ஸின் மென்மை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சின்ன நகர்வுகளில் இருக்கிறது. சத்தத்தை நீட்டுகிற பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் இதெல்லாம் குழம்பிவிடும். கார்டு மாறும்போது காலும் மாறவேண்டும்.

இன்னொரு ஜாஸ் பியானோக்காரரான தெலோனியஸ் மங்க்கைக் கேட்டுவிட்டு, தப்பான சுரத்தை அடித்தால் ஸ்டைல் என்று நினைப்பவர்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மங்க் சேர்த்து அடிப்பது தவறி விழுந்த விரலால் அல்ல. எந்தச் சுரம் எதோடு உரசவேண்டும் என்று தெரிந்து, அதைச் சரியான பீட்டில் வைக்கிறார். உங்கள் ‘தப்பு’ அப்படியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதையே மறுபடி, அதே இடத்தில், அதே அழுத்தத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, இடைவெளி. பியானோக்காரர் அஹ்மத் ஜமால் 1958-இல் சிகாகோவின் பெர்ஷிங் லவுஞ்சில் பதிவு செய்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவேன். ஒரு சின்ன வாக்கியம் வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார், பேஸும் டிரம்ஸும் போய்க்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, சும்மா இருந்தாலே கை பதறுகிறது, உடனே ஒரு ஓட்டம் ஓடி நிரப்பிவிடுகிறார்கள். இதற்கு நான் சொல்லும் மருந்து, வாசிக்கப்போவதை முதலில் வாயால் பாடுவது. மூச்சு முடிகிற இடத்தில் வாக்கியமும் முடியவேண்டும். கைக்கு மூச்சு வாங்கத் தெரியாது, வாய்க்குத் தெரியும்.

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் எவன்ஸ், பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ்காரர் பால் மோஷன் மூவரும் வாசித்த பதிவு இருக்கிறது. ரசிகர்களின் பேச்சும் கண்ணாடி டம்ளர் ஓசையும்கூடக் கேட்கும். பதினோராவது நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவை முதலில் லஃபாரோவின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவர் பேசுகிற இடங்களில் எவன்ஸ் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடிப் பையனுக்கு இந்த வாரம் இதுதான் வீட்டுப்பாடம். கீபோர்டைத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.