இடுப்பையும் அளந்துபாருங்கள்
எடை சரியாகத்தான் இருக்கிறது, இதயத்துக்கு ஆபத்தில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தேக்காவில் தையல் நாடா ஒன்று வாங்கி, மூச்சை இயல்பாக விட்டபின் இடுப்பைச் சுற்றி அளந்துபாருங்கள். (வயிற்றை உள்ளே இழுப்பது கள்ள ஆட்டம்!) ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, தாண்டினால் கவனம் தேவை. தெற்காசியர்களான நமக்குக் கைகால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றில் எளிதில் சேரும்.

இதய நோயாளிகளிடம் அதிகம் காணப்படுபவை உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம். முதல் மூன்றும் பெரும்பாலும் வலி தராமலே வளரும், பரிசோதித்தால்தான் தெரியும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள், அரசின் நோய்த்தடுப்புத் திட்டமான ‘ஹெல்தியர் எஸ்ஜி’யில் சேர்ந்தால், பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகள் இலவசம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.